கொத்தனார் வாயைத் திறக்காத நாள்

கூடத்துச் சுவரை யாரோ டொக் டொக்கென்று தட்டும் சத்தம் கேட்டதும், சமையலறையில் இருந்த கொத்தனாருக்கு ரத்தம் கொதித்தது. அவர் கையால் எழுப்பிய சுவர்! வாங்க வந்து இப்படிக் குறை பார்த்த மூன்று பேரோடு மல்லுக்கு நின்று, தன் வீடு விலைபோகாமல் செய்தவரும் அவரேதான். வீட்டை விற்றுவிட்டு அப்பா தன்னோடு வந்துவிடுவார் என்று, பேரனோடு மகள் வெளியூரில் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தாள். அதனால்தான் இந்த முறை புரோக்கரம்மாவைப் பிடித்து, அவள் சொன்னபடி சமையலறையிலேயே இருந்தார்.

"ரொம்பப் பழைய வீடும்மா," என்றார் வாங்க வந்தவர்.

"பழசுதான் சார். சுவரோட கனத்தைப் பாருங்க, இந்த வெயில்லயும் உள்ள எப்படிச் சில்லுனு இருக்கு!" என்று புரோக்கரம்மா சிரித்தாள்.

அவரும் சிரித்துவிட்டார். "சரி, எடுத்துக்கறோம்."

புரோக்கரம்மா சமையலறைக்குள் எட்டிப் பார்த்தாள். "அண்ணே, வந்து கும்பிடு போடுங்க. பேச்சு மட்டும் வேண்டாம்!"

கொத்தனார் கண்கலங்கக் கும்பிட்டு, வந்தவரை வாசல்வரை வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.