கடலைக்கு ஊற்றிய ஆசிட்

“பழைய எலை பச்சையா இருக்கு. புது எலை மட்டும் ஏன் மஞ்சளா வருது?”

இசக்கிமுத்து ஒரு கடலைச் செடியைக் கையில் பிடித்துக்கொண்டு இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தும் தெரியவில்லை. அந்தப் பதிலுக்காக அவர் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர் அவர். திருப்பூரில் ஒன்பது வருடம் சாயப்பட்டறையில் நின்றார். நீராவியும் ஆசிட் நெடியும் நெஞ்சில் இறங்கி, பேசினால் இருமல், படுத்தால் இருமல் என்றாகிவிட்டது. 2006 சித்திரையில் டாக்டர், இன்னொரு வருடம் அங்கே நின்றால் நுரையீரல் தாங்காது என்று சொல்லிவிட்டார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் மனைவி சின்னத்தாய், மறுநாள் அவரை வேலைக்கு அனுப்பவில்லை.

அவள் கம்பெனியின் முதலாளி திருமூர்த்திக்குப் பொங்கலூரில் அரை ஏக்கர் விவசாயக் காடு உழவு காணாமல் கிடந்தது. பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷினுக்கு அங்கே ஷெட் போட நினைத்திருந்தார்.

“ஏனப்பா இசக்கி, ஒரு போகம் பண்ணிப் பாரு. பயிரு வந்துச்சுன்னா காடு உன் கையிலயே இருக்கட்டும். வரலீன்னா நான் ஷெட்டு போட்டுக்கறேன்” என்றார்.

ஷெட் வந்தால் இசக்கிமுத்துவுக்குப் போக்கிடம் சாயப்பட்டறைதான்.

ஆடியில் நிலக்கடலை போட்டார். முளைப்பு நன்றாக இருந்தது. இருபத்தைந்தாம் நாள் கொழுந்து இலைகள் வெளுத்தன. நரம்பு மட்டும் பச்சை, மீதியெல்லாம் மஞ்சள். உரக்கடையில் யூரியா கொடுத்தார்கள். போட்டும் மாற்றமில்லை. தினமும் விடிந்ததும் வரப்பில் உட்கார்ந்து இலைகளைப் புரட்டிப் பார்த்தார். நேற்றைவிட இன்று மஞ்சள் கூடியிருப்பதாகவே பட்டது.

அப்போதுதான் அவருக்குத் தன் பழைய தொழில் ஞாபகம் வந்தது. சாயப்பட்டறையில் அவர் வேலையே தொட்டித் தண்ணீரின் காரத்தைப் பார்ப்பதுதான். பி.எச். தாளை நனைத்தால் நிறம் மாறும். ஏழு என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். காரம் ஏறியிருந்தால் அசிட்டிக் ஆசிட் ஒரு மக் ஊற்றுவார். ஐந்து நிமிடத்தில் தொட்டி வழிக்கு வந்துவிடும்.

ஒரு டம்ளரில் மண்ணைக் கரைத்து, பட்டறை நாளிலிருந்து பையில் கிடந்த தாளை நனைத்தார். எட்டரை. காரம்!

பழைய பட்டறையில் வேலை பார்க்கும் மாதவனிடம் போய் ஒரு கேன் ஆசிட் கேட்டார்.

“எதுக்குண்ணே?”

“கடலைக்கு.”

“கடலைக்கு டையிங்கா? என்ன ஷேடுண்ணே, டார்க் கிரீனா?”

“சிரிக்காதல. நாலு நாள்ல வந்து பாரு.”

வாய்க்கால் தண்ணீரில் கலந்து முதல் இரண்டு பாத்திகளுக்குப் பாய்ச்சினார். தண்ணீர் பட்ட இடமெல்லாம் மண் சீறி நுரைத்தது. மறுநாள் காலை தாள் ஆறு காட்டியது. சின்னத்தாயிடம் சொல்லிச் சிரித்தார். பல நாள் கழித்து அன்றுதான் சிரித்தார்.

நான்காம் நாள் அந்த இரண்டு பாத்தியும் வெந்நீர் ஊற்றியது போலச் சுருண்டு கிடந்தன. பிடுங்கினால் வேர் கறுத்திருந்தது. பத்தாம் நாள் அதே மண்ணைக் கரைத்துப் பார்த்தார். மறுபடி எட்டரை.

“செடியும் போச்சு, காரமும் போவலியே” என்று சின்னத்தாய் தலையில் கைவைத்தாள். “மொதலாளி வந்து பாத்தா என்ன சொல்லுவிய?”

திருமூர்த்தி மூன்று வாரத்தில் ஷெட் போடும் ஆளோடு வருவதாகச் சொல்லியிருந்தார்.

மண் பரிசோதனை நிலையம் என்று ஒன்று இருப்பதைச் செக்கிங்கில் கூட இருந்த பெண் சொல்லி, சின்னத்தாய்தான் அவரை அனுப்பினாள். பத்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அரைக் கிலோவைத் துணிப்பையில் கொண்டுபோனார். வெந்த பாத்தி மண்ணை வெட்கப்பட்டுச் சேர்க்கவில்லை.

அங்கே மண்ணைச் சோதிக்கும் அபிராமி இளம்பெண். மண்ணில் இரண்டு சொட்டு ஆசிட் விட்டாள். புஸ்ஸென்று பொங்கியது. அந்த நுரையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியதை அவள் கவனித்துவிட்டாள்.

“ஏனுங்கண்ணா, இதுல ஏற்கெனவே ஏதாச்சும் ஊத்துனீங்களா?”

மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னார். அவள் திட்டுவாள் என்று நினைத்தார். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“உங்க தொட்டியில இருந்தது தண்ணிங்கண்ணா. இது சுக்கான்கல்லு மண்ணு, அடியில பூராம் சுண்ணாம்பு. நீங்க ஊத்துற ஆசிட்ட அது தின்னுபோட்டு மறுபடி பழைய நெலைக்கு வந்துரும். நடுவுல செத்தது வேருதானுங்க.”

“அப்ப மஞ்சளு?”

“இரும்புச்சத்துங்க. யூரியால இருக்குற தழைச்சத்து கொறஞ்சா பழைய எலைதான் மொதல்ல மஞ்சளாகும். உங்களுக்குக் கொழுந்துல வருதுல்லீங்க? மண்ணுல இரும்பு இருக்குது. காரத்துல இறுகிக் கெடக்குது, வேருக்கு எடுக்க முடியல. சட்டி நெறையச் சோறு இருக்குது, மூடி தொறக்க மாட்டீங்குது, அவ்வளவுதான்.”

இரும்புச்சத்துள்ள அன்னபேதி உப்பு எழுதிக் கொடுத்தாள். பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு கிராம். கரைசல் துருப்பிடித்துப் பழுப்பாகாமல் இருக்க இரண்டு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். சாயங்காலம் இலைமேல் தெளிக்க வேண்டும், பத்து நாள் கழித்து மறுபடியும். அடுத்த போகத்துக்கு முன்னால் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுது, தொழுவுரம் சேர்க்க வேண்டும்.

“மண்ணு மாற வருசக் கணக்காகும். எலைக்கு இப்பவே குடுத்துரலாமுங்க. நீங்க பழைய எடத்துல ஆசிட் ஊத்துனீங்க பாருங்க, அதுக்குப் பதிலா இந்த எலுமிச்சம்பழம். அவ்வளவு போதும்.”

தெளித்தார். மூன்றாம் நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் ஒன்றுமில்லை. இதையும் கெடுத்துவிட்டோமோ என்று பயந்தார். எட்டாம் நாள் கொழுந்தில் லேசாகப் பச்சை தெரிந்தது. நம் கண்தான் ஏமாற்றுகிறதோ என்று சின்னத்தாயை வேலைக்குப் போகவிடாமல் கூட்டிவந்து காட்டினார்.

“பச்சைதாங்க” என்றாள். உடனே, “அரை நாள் சம்பளம் போச்சு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திருமூர்த்தி, ஷெட் போட அளக்கும் டேப்போடு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று இரண்டாம் தெளிப்பும் முடிந்திருந்தது. காடு பச்சையாக நின்றது, அந்த இரண்டு பாத்தியைத் தவிர. இசக்கிமுத்துவே அவரை முதலில் அங்கே அழைத்துப்போனார்.

“இது நான் கெடுத்தது மொதலாளி. சாயத்தொட்டின்னு நெனச்சு ஆசிட் ஊத்திட்டேன்.”

திருமூர்த்தி குனிந்து கருகிய பாத்தியைப் பார்த்தார். நிமிர்ந்து மீதிக் காட்டைப் பார்த்தார். அந்த நேரத்தில் இசக்கிமுத்துவுக்கு இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டார்.

“ஏனப்பா, கடலைக்கே சாயம் போட்டவன் நீ ஒருத்தன்தான்” என்று திருமூர்த்தி சிரித்துவிட்டார். பிறகு டேப் பிடித்தவரிடம் திரும்பினார். “இந்த ரெண்டு பாத்திக்குள்ள எத்தனை மெஷினு நிக்கும்னு பாருங்க. அதுக்கு மேல அளக்க வேண்டாம்.”

இப்போது அந்த மூலையில் சின்ன ஷெட்டில் நான்கு மெஷின் ஓடுகிறது. மீதிக் காட்டில் கடலை முடிந்து தக்கைப்பூண்டு மடக்கி உழுதிருக்கிறார்கள். இசக்கிமுத்துவின் பையில் பி.எச். தாள் இன்னும் இருக்கிறது. பார்ப்பதற்கு மட்டும்.

சாயப்பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே வீட்டுக்குப் பக்கத்தில் நாலு செடி வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர். அவர்களில் ஒருவர் மஞ்சள் இலையைப் பார்த்துவிட்டு ஆசிட் கேனைத் தேடலாம். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால், இன்றைக்கே இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள்.