செல்லையனும் சுற்றாத தட்டும்

கோவில்பத்திலிருந்து சைக்கிளில் வரும் செல்லையன்தான் நாங்கள் வேலை பார்த்த மனு எழுதும் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவர். ஒருகாலத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் ஊரில், பிரெஞ்சுக் குடியுரிமை கேட்ட நானூறு குடும்பங்களின் விவரத்தை அவர்தான் அதில் ஏற்றியிருந்தார். ஃப்ளாப்பியில் பிரதி எடுக்கச் சொன்னால், "கல்லு மாதிரி இருக்குங்க, எதுக்கு?" என்பார்.

எண்பத்தொன்பதில் ஆயுத பூஜைக்கு அந்தக் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். கருவிக்கு ஓய்வு என்று நான்தான் சொன்னேன். நான்கு நாள் யாரும் தொடவில்லை. ஐந்தாம் நாள் போட்டால், ஹார்ட் டிஸ்க்கையே காணோம் என்றது திரை.

"என்ன செல்லையன், கல்லு பேசலையா?" என்றார் முதலாளி ஒதெத் அம்மா.

செல்லையன் பெட்டியில் காதை வைத்தார். "விசிறி மட்டுந்தான் ஓடுதுங்கம்மா. உள்ள தட்டு சுத்தலை. சும்மா கெடந்ததுல ஒட்டிக்கிச்சு."

"லீவு முடிஞ்சா நீங்களும் அப்படித்தான். சரி, விவரமெல்லாம்? பாதிப் பேரு ஊரவிட்டே போயிட்டாங்களே, மறுபடி யாருகிட்ட கேக்கறது?"

செல்லையன் மின்சாரத்தை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, இரு கையாலும் தட்டையாகப் பிடித்து, ஒட்டிய தட்டு விடுபட மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பினார். நான் ஊர்க் கோவில் அம்மையாரை வேண்டிக்கொண்டேன். மாட்டிப் போட்டார். சுற்றவில்லை. இன்னொரு முறை கழற்றித் திருப்பி, மாட்டிப் போட்டார். உய்யென்று தட்டு சுற்றியது.

உடனே பிரதி எடுக்க ஃப்ளாப்பிகளைச் செருக ஆரம்பித்தார்.

"டீ ஆறுதுங்க" என்றேன்.

"இருங்கக்கா, கரண்டு போச்சுன்னா மறுபடி ஒட்டிக்கும்."

கடைசிக் குடும்பமும் ஏறியபிறகே எழுந்தார். ஆறிப்போன டீயை ஒதெத் அம்மாவே எடுத்துக் கொடுத்தார்.