இரண்டு தட்டு

எங்கள் அக்கா வீட்டுக்காரர் லாரி மெக்கானிக். பீரோவைக்கூடத் தட்டிவிட்டுத்தான் திறப்பார். விரலை மடக்கி இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்தல், பிறகுதான் கைப்பிடி. “உள்ளே சட்டையெல்லாம் குளிச்சிட்டிருக்கா அத்தான்?” என்று நான் வாரினால், சிரித்துவிட்டு அடுத்த கதவையும் தட்டுவார்.

கல்யாணமான புதிதில் ராணுவ லாரி ஓட்டப் போனவர், சண்டையில் பிடிபட்டார். பிடிபட்டவனை அடிக்கக் கூடாது, பட்டினி போடக் கூடாது, சண்டை முடிந்தால் வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று நாடுகள் கூடிக் கையெழுத்துப் போட்டிருக்கின்றனவாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? சண்டை ஓய்ந்த பிறகும், உன் ஆளை விட்டால்தான் என் ஆளை விடுவேன் என்று இரண்டு அரசுகளும் இழுத்தடித்தன. அக்கா இங்கே வாசலைப் பார்த்தே இளமையைத் தொலைத்தாள். அவர் அங்கே ஒரு அறையில் தொலைத்தார்.

அங்கே காவலாளிகள் கதவை பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்து சோற்றைத் தள்ளுவார்களாம். ஒருவன் மட்டும் தட்டுவான். சாவி அவன் இடுப்பில்தான் தொங்கியது. ஆனாலும் அத்தான் ‘வா’ என்று சொல்லும்வரை வெளியே நிற்பான். அந்தச் சொல்லைத் தன் மொழியில் அவனே கற்றுக்கொடுத்தான். அத்தானுக்கு அவர்கள் மொழியில் தெரிந்தது அது ஒன்றுதான். பிறகு அவனை எங்கோ மாற்றிவிட்டார்கள். பெயர்கூடத் தெரியாது.

“சோறு எல்லாரும்தான் போட்டாங்க. அந்த ரூமுக்கு என்னை வீட்டுக்காரனாக்கினவன் அவன் ஒருத்தன்தான்,” என்பார். அவனை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று ஏங்குவார். அந்தச் சொல் எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அக்கா மட்டும் அதை வாயில் வைக்க மாட்டாள். தனக்காக அவர் இப்படி ஏங்கினாரா என்று அவளுக்கு ஒரு பொருமல். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

அத்தானுக்குத் தலை நரைத்த காலத்தில் மறுபடியும் சண்டை மூண்டது. பிடிபட்ட எதிரிகளை எங்கள் ஊருக்கு வெளியே ஒரு பழைய கிடங்கில் அடைத்தார்கள். நம் ஆட்களும் லேசுப்பட்டவர்களில்லை; கிடங்கின் தண்ணீர் மோட்டார் பழுதானபோது, அவங்களுக்குத் தண்ணி ஒரு கேடா என்று பட்டறையில் ஒருவரும் அசையவில்லை. அத்தான் கருவிப் பெட்டியைத் தூக்கினார்.

“உங்களைப் படாத பாடு படுத்தினவங்களுக்கா?” என்றாள் அக்கா.

“அவங்கள்ல அவனும் இருந்தா?”

கிடங்கில் நம் காவலாளி கதவை உதைக்கக் காலைத் தூக்கினான். அத்தான் அவன் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, இரண்டு தட்டுத் தட்டினார். உள்ளே பேச்சு நின்றது. யாரும் தட்டிப் பழக்கமில்லை போலும். வெகுநேரம் கழித்துத்தான் அந்தச் சொல் வந்தது.

மோட்டாரைச் சரிசெய்தபடியே ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருவன் பக்கத்தில் வந்து என்னவோ கேட்டான். இவருக்கும் கேட்க எவ்வளவோ இருந்தது. தெரிந்தது ஒரே சொல்.

சாயங்காலம் எங்கள் கதவில் இரண்டு தட்டு விழுந்தது. அக்கா “வாங்க” என்றாள். ஆள் வரவில்லை. திறந்து பார்த்தால், பெட்டியும் கையுமாக அப்படியே நிற்கிறார்.

“எல்லாம் சின்னப் பசங்க,” என்றார். “நானும் அன்னைக்குப் பார்த்த அதே மூஞ்சியைத் தேடிட்டிருக்கேன். அவனுக்கும் வயசாகியிருக்கும்ல? எனக்கு அது தோணவே இல்ல.”

அக்கா பெட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு அந்தக் காவலாளியின் மொழியில் அவரை ‘வா’ என்று கூப்பிட்டாள்.