கையோரத்துப் பென்சில் கறுப்பு

உடையார்பாளையம் கடைத்தெருவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மிஷின், நோட்டும் பேனாவும் அடுக்கிய ஒரு கண்ணாடி அலமாரி, ஒரு டேபிள் ஃபேன், நான். அவ்வளவுதான். போன வாரம் ஒரு பெண் ஃபைல் நிறையச் சான்றிதழோடு வந்தாள். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒருவர் பிரசவ விடுப்பில் போகிறாராம். அவர் திரும்பி வரும்வரை தற்காலிக வேலை. அதற்கு விண்ணப்பம் போடுகிறாள். டிகிரி, பி.எட்., தகுதித் தேர்வில் பாஸான சான்று, இருப்பிடச் சான்று என்று ஒவ்வொன்றாக வாங்கிக் கண்ணாடிமேல் கவிழ்த்து எடுத்துக் கொடுத்தேன். ஒன்றுகூடக் குறைவில்லை அவளிடம்.

என் வாய்தான் சும்மா இருக்காதே. "கல்யாணம் பேசுறாங்களான்னு கேட்டாங்களா?" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அதெல்லாம் இப்ப யாரு கேக்குறாங்கக்கா?"

என்னிடம் கேட்டார்கள். அவள் போன பிறகு அலமாரியிலிருந்து ஒரு ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துத் திறந்தேன். தகரமும் புதுப் பென்சிலும் கலந்து ஒரு வாசனை வருமே, அது வந்தது. அப்புறம் எங்கே வியாபாரம் பார்ப்பது? மிஷின் சூடாகிக் கத்திக்கொண்டிருந்தது, நான் பூலாம்பாடிப் பக்கம் போய்விட்டேன்.

அப்போது தகுதித் தேர்வெல்லாம் வரவில்லை. கணக்கில் டிகிரியும் பி.எட்.டும் முடித்துவிட்டு அரும்பாவூரில் அம்மா வீட்டில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டிருந்தேன். பூலாம்பாடிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அரசு உயர்நிலைப் பள்ளி. அங்கே கணக்கு டீச்சர் மல்லிகா பிரசவத்துக்குப் போகிறார், பத்தாம் வகுப்புக்கு ஆள் வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொல்லியனுப்பியிருந்தார். விழுந்தடித்துப் போனேன். என் சான்றிதழ்களை அவர் கல்யாணப் பத்திரிகையைப் புரட்டுவது மாதிரிப் புரட்டி வைத்துவிட்டார். அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான். காலை முதல் டவுன் பஸ்ஸில் வந்துவிட முடியுமா என்பது ஒன்று. இன்னொன்றைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"கல்யாணம் கில்யாணம் பேசுறாங்களாம்மா? பாதியில நீ போயிட்டீன்னா பிள்ளைங்க கதி என்ன?"

பரீட்சை முடியும்வரை இருப்பேன் சார் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து, பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை யாரும் என்னைப் பெண் பார்க்க வரக் கூடாது என்று அறிவித்தேன். அம்மாவுக்கு வந்ததே கோபம்! "ஊரான் வூட்டுப் பிள்ளைங்க பரிச்சைக்கு உன் கல்யாணத்தை நிறுத்தச் சொல்றியா?" என்று கேட்டாள். அப்பா துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

சும்மா சொல்லக் கூடாது, முதல் வாரம் பிள்ளைகள் என்னைப் படாதபாடு படுத்தின. மல்லிகா டீச்சர் இப்படிப் போட மாட்டாங்க, மல்லிகா டீச்சர் சாக்பீஸை இப்படிப் பிடிக்க மாட்டாங்க. எதை எடுத்தாலும் மல்லிகா டீச்சர்தான். பார்த்தேயிராத ஒரு பெண்மேல் எனக்குப் பொறாமை பொத்துக்கொண்டு வந்தது.

வகுப்பில் பாதிக்குக் கணக்கு என்றாலே காய்ச்சல். கணக்கு சொல்லிக் கொடுத்தவர்களுக்கு இது தெரியும்: அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கரையேற்றுவது ஜாமெட்ரியும் கிராபும்தான். படத்தைச் சுத்தமாக வரைந்தால் மார்க்கைக் குறைக்க யாராலும் முடியாது. பாஸாவதற்கு வேண்டியதில் பாதிக்குமேல் அங்கேயே வந்துவிடும். அதனால் தினமும் சாயங்காலம் மணி அடித்த பிறகும் உட்காரவைத்து வரையச் சொன்னேன். கடைசி பெஞ்சில் செந்தாமரை என்று ஒரு பெண். காம்பஸைப் பிடித்தால் தாளைக் கிழித்துவிடுவாள். அத்தனை பயம். "எனக்குக் கணக்கு வராது டீச்சர், விட்டுருங்க," என்பாள். "கணக்கு கிடக்கட்டும்டி. வட்டத்தைப் போடு," என்பேன்.

வீட்டில் போட்டுப் பார்த்தார்களா என்று கண்டுபிடிக்க என்னிடம் ஒரு வழி இருந்தது. பென்சிலால் நிறைய வரைந்தால் சுண்டுவிரலுக்குக் கீழே, உள்ளங்கையின் ஓரம், தாளில் தேய்ந்து தேய்ந்து கறுப்பாகிவிடும். காலையில் வந்ததும் வராததுமாக வகுப்பில் உட்கார்ந்து அவசரமாகப் பார்த்து எழுதுகிறவன் கை வெள்ளையாக இருக்கும். நோட்டைப் பார்க்கவே மாட்டேன். கையைக் காட்டு என்பேன். வரிசையாகக் கையைச் சாய்த்துக் காட்டுவார்கள். அலம்பாமல் அப்படியே பள்ளிக்கூடம் வந்த பெருமைக்காரர்களும் உண்டு. ஒருநாள் செந்தாமரையின் கையோரம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை சந்தோஷம்.

தைப்பொங்கல் போய்ச் சில வாரம் இருக்கும். மல்லிகா டீச்சர் வந்து நின்றார். விடுப்பு இன்னும் பாக்கி இருந்தது. பத்தாம் வகுப்பை நினைத்துத் தூக்கம் வரவில்லையாம், பிள்ளையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வந்துவிட்டார். முகம் வெளுத்து, சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு நின்ற அந்தப் பெண்ணைத் திட்டக்கூட எனக்கு மனசு வரவில்லை. தலைமை ஆசிரியர் சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார், ஒரு வகுப்புக்கு இரண்டு கணக்கு டீச்சர் வைக்க வழியில்லையாம். நான்தான் பரீட்சைவரை இருப்பேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். அவர்கள் எனக்கு அப்படி ஒன்றும் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். இரண்டு பெண்கள் அழுதார்கள்.

"கணக்குப் பரிச்சை அன்னைக்கு வாசல்ல நிப்பேன். ஒண்ணும் சொல்ல வேணாம். கையை மட்டும் காட்டுங்க," என்றேன்.

பரீட்சை மையம் எங்கள் அரும்பாவூரிலேயே இருந்தது. வெயில் ஏறும்வரை வாசலில் பெற்றோர் கூட்டத்தோடு நின்றேன். மல்லிகா டீச்சரும் இடுப்பில் பிள்ளையோடு வந்திருந்தார். மணி அடித்தது. பிள்ளைகள் திமுதிமுவென்று வந்து அவரைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். நியாயம்தானே? கேள்வித்தாளை நீட்டி, இது சரியா அது சரியா என்று அவரைப் பிய்த்து எடுத்தார்கள். நான் ஒரு சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். யார் சைக்கிளோ.

செந்தாமரை கடைசியாக வந்தாள். அவளும் மல்லிகா டீச்சரிடம்தான் போனாள். போனவள் அங்கிருந்தே என்னைத் தேடி, கையைத் தூக்கிச் சாய்த்துக் காட்டினாள். மணிக்கட்டுவரை கறுப்பு. அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவன் காட்டினான். அப்புறம் எல்லோரும். கூட்டத்துக்கு மேலே வெறும் கைகளாகத் தெரிந்தன. மல்லிகா டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னங்க இதுங்க, எல்லாம் கையைக் காட்டுதுங்க?"

"சும்மாதாங்க டீச்சர்," என்றேன். கண்ணீரை மறைக்க அவர் பிள்ளையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு பெண் பார்க்க வந்தார்கள், உடையார்பாளையத்துக்கு வந்து சேர்ந்தேன். தகுதித் தேர்வு வந்தது. கைக்குழந்தையோடு படித்து எழுதினேன், கொஞ்சத்தில் போயிற்று. அடுத்த முறை என்று சொல்லிச் சொல்லியே வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த முதல் டவுன் பஸ் இப்போது அந்த வழியில் போவதில்லை என்று அம்மா சொன்னாள். டீச்சர் என்று என்னை யாரும் கூப்பிடுவதில்லை. இந்தக் கடைத்தெருவுக்கு நான் ஜெராக்ஸ் அக்கா.

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை அன்று மட்டும் மதியம் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பேன். பிள்ளைகள் கூட்டமாகப் போவார்கள். கையை வீசிக்கொண்டு, பையை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு. கையோரத்தில் கறுப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். நன்றாகவே இருக்கிறது. நின்று எனக்குக் காட்டத்தான் யாரும் இல்லை.