பழுப்பு மாத்திரை ஏழு

பிள்ளைகளா, உங்கள் அம்மா தீ மிதிக்க முடியாமல் போனதற்கு ஒரு வருஷம் நான்தான் காரணம். அதை எழுதி வைக்கிறேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

பெரியவளே, உனக்கு மூன்று வயதில் காய்ச்சல் கண்டு, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாய். நீ பிழைத்தால் திரௌபதியம்மனுக்குத் தீ மிதிப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். இரண்டு வருஷம் காப்பு கட்டியும், திருவிழா நாளில் மாதவிலக்கு வந்து ஒதுங்கி நின்றாள். அது தீட்டா இல்லையா என்று வாதாட எனக்குத் தெரியாது. ஆனால் உனக்குச் சளி பிடித்தால்கூட, "வேண்டுதல் செய்யாம வச்சிருக்கேன், அதான்" என்று அழுவாள்.

சின்னவன் பிறந்த பிறகு நர்ஸம்மா கொடுத்த கருத்தடை மாத்திரையைச் சாப்பிட்டு வந்தாள். ஒரு அட்டையில் வெள்ளை இருபத்தொன்று, இரும்புச் சத்துக்கான பழுப்பு ஏழு. பழுப்பு சாப்பிடும் நாட்களில்தான் விலக்கு வரும். மூன்றாம் வருஷமும் நாள் எண்ணிப் பார்த்தால் தீமிதியிலேயே வந்து நின்றது. அவளுக்குக் கரும்பு வெட்டு. அதனால் என்னை அனுப்பினாள்.

"நாள் தள்ளிப் போறதுக்கு நர்ஸம்மாகிட்ட வழி கேட்டுக்கினு வாங்க."

அன்று சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். குழந்தைகளோடு பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் வாயைத் திறந்ததும் ஒருத்தி, "இன்னாண்ணா, மாத்திர உனக்கா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸம்மா புது அட்டையைக் கையில் கொடுத்து, "பிரஷர் போன மாசம் பாத்தேன், சரியா இருக்கு. வெள்ள முடிஞ்சதும்..." என்று ஆரம்பித்தார். அட்டையைச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டு சைக்கிளை எடுத்துவிட்டேன். பின்னாலிருந்து ஏதோ கத்தினார். திரும்பவில்லை.

வூட்டில் அம்மா, "இன்னா சொன்னாங்க? பழுப்ப இன்னா பண்றது?" என்று கேட்டாள்.

"சத்து மாத்திரய யாராவது வீணாக்குவாங்களா? அத முடிச்சிட்டு இத ஆரம்பிக்கணுமாம்" என்றேன். நர்ஸம்மா அப்படிச் சொல்லவே இல்லை. நானே இட்டுக்கட்டிச் சொன்னது.

வெள்ளை தீர்ந்த நாலாம் நாள், தீமிதி. காலையில் மஞ்சள் புடவையைக் கொடியில் எடுத்துப் போட்டிருந்தாள். தோட்டத்துப் பக்கம் போய்விட்டு வந்தவள், அதை மடித்துப் பெட்டியில் வைத்தாள். "வந்துடுச்சி" என்றாள். "என்னய அம்மனுக்குப் புடிக்கல போல."

அதைக் கேட்ட பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மன் இல்லம்மே, நான்தான்" என்று எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"மிச்சம் வெக்காம போட இது இன்னா கரும்புக்கு உரமா? பத்துப் பொம்பளைங்க சிரிச்சா உசுரா பூடும்?"

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. அது கம்மிதான்.

அடுத்த வருஷம் இரண்டு பேரும் போனோம். அன்றைக்கும் கூட்டம். நான் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "பழுப்ப எப்ப வுடணும், நர்ஸம்மா?" என்று கேட்டேன்.

"தொடவே கூடாது. வெள்ள முடிஞ்ச மறுநாளே புது அட்டையில வெள்ள. போன வருஷமே சொன்னேன், நீங்க நின்னாதானே? லேசா கறை பட்டாலும் பயப்படாதீங்க" என்றார். பெண்கள் இப்போதும் சிரித்தார்கள். வூட்டுக்கு வந்து பழுப்பு ஏழின் மேலும் பேனாவால் பெருக்கல் குறி போட்டேன்.

அந்த வருஷம் அம்மா தீ மிதித்தாள். நெருப்புக்கு அந்தப் பக்கம் பால்குழி அருகில் பெரியவளே, உன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாலில் கால் வைத்ததும் ஒரு கையால் உன்னை அணைத்துக்கொண்டாள். அம்மன் பெயரைச் சொல்லுவாள் என்று பார்த்தேன்.

"நர்ஸம்மாவுக்கும் ஒரு தேங்கா வாங்குங்க" என்றாள்.