லிம் அங்கிளின் கல்லில் நான் வெட்டிய ஊர்

செத்துப்போன ஒரு மனிதரின் ஊரை நான் மாற்றி வெட்டினேன். கருங்கல்லில், ஆழமாய், பொன்னிறம் பூசி! நான்கு வருடமாய் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. முதன்முதலாக உங்களிடம்தான் சொல்கிறேன்.

ஸ்காபரோவில் கல்லறைக்கல் செய்யும் கடையில் எனக்கு வேலை. எழுத்துகளைக் கணினியில் அடுக்கி, வெட்டும் இயந்திரத்துக்கு அனுப்புவேன். பக்கத்து அஜின்கோர்ட்டில் இருந்த லிம் அங்கிள், தன் கல்லுக்குத் தானே சொல்லிவைக்க வந்தார். “சைனீஸ்தானே?” என்றேன். பொறுமையாய்ச் சிரித்து, “தியோச்சியூ” என்றார்.

தென்சீனக் கடலோரத்து ஆட்களாம். கப்பலேறி சயாம், சைகோன், சிங்கப்பூர் என்று பரவியவர்கள். இவர் பிறந்தது கம்போடியாவில். சண்டை துரத்த டொரொன்டோ வந்தவர். தாத்தா விட்டுவந்த ஊரைக் கண்ணால் கண்டதேயில்லை. ஆனாலும் கல்லில் தன் பெயருக்கு மேலே அந்த ஊர் இருந்தே ஆகவேண்டும் என்றார். பிள்ளைகள் பின்னாளில் அதைப் பார்த்துத்தான் சொந்தம் தேடிப் போவார்களாம்.

பையிலிருந்து மூன்று குட்டித் தேநீர்க் குவளைகளை எடுத்து வைத்தார். கடையில் நாங்களோ ஐந்து பேர்! எத்தனை பேர் இருந்தாலும் அவர்களுக்கு மூன்றுதானாம். ஒருவர் குடித்ததைக் கொதிநீரில் கழுவி அடுத்தவருக்கு ஊற்றுவார்கள். எனக்கும் ஊற்றித் தந்துவிட்டு, ஊர்ப்பெயரை ஒரு துண்டில் சீன எழுத்தில் எழுதித் தந்தார். சட்டைப்பையில் வைத்தேன். சட்டை வோஷிங் மெஷினுக்குள் போனது...

கேட்டிருக்கலாமே! ஒரே ஒரு ஃபோன்! “அங்கிள், துண்டு துலைஞ்சு போச்சு” என்றால் என் தலையா போயிருக்கும்? நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தேன். ஒருநாள் அவரே போய்விட்டார்.

“தம்பி, லிம்மின்ரை கல்லு வெள்ளிக்கிழமை வெளிக்கிட வேணும். இன்னும் என்ன முழுசிக்கொண்டு இருக்கிறாய்?” என்று முதலாளி இரத்தினம் அண்ணை விரட்டினார்.

பழைய கோப்பில் இன்னொரு லிம் இருந்தார். அவரும் தியோச்சியூதான். ஊர் செங்ஹாய். ஒரே இனம், ஒரே குடும்பப் பெயர், பிறகென்ன... அதையே தூக்கிப் போட்டுவிட்டேன்.

இதைச் செய்தவன் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தான்! புது ஆளைக் கண்டால் பெயருக்கு முன்னமே “ஊரிலை எவ்விடம்?” என்று கேட்கிறவன்! என் அப்பாவின் மரண அறிவித்தலில், ‘வேலணையைப் பிறப்பிடமாகவும்’ என்று வரவேண்டிய இடத்தில் பக்கத்து ஊர் சரவணை வந்துவிட்டது. “உங்களுக்குக் கண் தெரியேல்லையோ?” என்று பத்திரிகைக்காரருக்கு ஃபோனில் கத்திய கத்தில் எனக்கே தொண்டை கட்டிவிட்டது. என் அப்பாவுக்கு ஒரு நியாயம், லிம் அங்கிளுக்கு ஒரு நியாயமா? சீ!

போன மாதம் அவர் மகள் மெய்லிங் கடைக்கு வந்தாள். மார்க்கம் நகரில் வேலை, சீனம் வாசிக்கத் தெரியாது. கல்லைப் படமெடுத்துக்கொண்டு செங்ஹாய்க்கே போய்வந்திருக்கிறாள்! அங்குள்ள லிம்கள் வம்சப் புத்தகத்தை மூன்று நாள் புரட்டினார்களாம். இவள் பூட்டன் பெயர் இல்லை. தேநீர் கொடுத்து, பாவம் பார்த்து அனுப்பிவிட்டார்கள்.

“அப்பா சாகும்வரைக்கும் எங்களுக்குக் கதை விட்டிருக்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கண் சிவந்திருந்தது. “அந்த வரியை அழிக்க முடியுமா?”

அப்போது சொல்லியிருக்க வேண்டாமா? உண்மையான ஊர் எனக்கும் தெரியாது. அது மெஷினில் கரைந்துவிட்டது. ஆனால் “உன் அப்பா பொய்யர் இல்லை, பொய்யன் நான்தான்” என்று சொல்லியிருக்கலாமே! அவளுக்கு வேண்டியது அதுதானே! நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அழிக்கலாம், தடம் கொஞ்சம் தெரியும்” என்றேன். மனிதனா நான்?

கல்லைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுவந்து, இன்று காலை செங்ஹாயைச் சீவி எடுத்தேன். “வடிவாய்ச் செய்திருக்கிறாய்” என்று இரத்தினம் அண்ணை முதுகில் தட்டினார். மத்தியானம் மெய்லிங் வந்து பார்த்தாள். பெயருக்கு மேலிருந்த வெற்றிடத்தை விரலால் தடவினாள். பிறகு பையிலிருந்து ஒரு சிறு பெட்டியை எடுத்து என் மேசையில் வைத்தாள். உள்ளே அந்த மூன்று குவளைகள்.

“அப்பா உங்களைப் பற்றி நல்லதாய்ச் சொல்லுவார். எனக்கு இனி இது வேண்டாம்” என்றாள்.

வாங்கிக்கொண்டேன்...