மாடியில் ஒருவர், கீழே ஒருவர்

எதிர்வீட்டுக் காத்தவராயனைப் போல ஒரு வீம்புக்காரரை இந்தக் குடிகாடு ஊர் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. கேபிளுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது தண்டம் என்று அதை நிறுத்திவிட்டு, கடலூரிலிருந்து இலவச டிஷ் வாங்கி வந்தார். ஒரு தடவை வாங்கினால் போதும், பிறகு சல்லிக்காசு கட்ட வேண்டாம். மாட்டித் தர ஆள் அனுப்புகிறோம் என்று கடைக்காரர் சொன்னதற்கு, "எனுக்குத் தெரியாதா? நானே மாட்டிக்குவேன்" என்றாராம்.

தெரியும்தான். கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மொட்டைமாடியில் டிஷ்ஷை நிறுத்தி, தென்கிழக்கு வானத்தைப் பார்க்க வைத்து, ஒயரைக் கீழே இறக்கிவிட்டார். ஆனால் நூலளவு நூலளவாகத் திருப்பித்தான் சிக்னல் பிடிக்க வேண்டும். மேலே ஒருவர் திருப்ப, கீழே டிவி முன்னால் ஒருவர் நின்று "வந்துடுச்சு" என்று கத்த வேண்டும். அந்த வீட்டில் கத்த யார் இருக்கிறார்கள்? அவர் மனைவி சிவகாமு அண்ணி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளை திருப்பூரில்.

மனிதர் திருப்புவார், இறங்கி வந்து பார்ப்பார், ஒன்றும் இருக்காது, மறுபடி ஏறுவார். மூட்டுவலிக்காரர். என் வாசலிலிருந்து பார்த்தால் அவர் கூடத்து டிவி நேராகத் தெரியும். "நான் வந்து பாக்கட்டுமாண்ணே?" என்றேன். "ஒன் வேலயப் பாரும்மா" என்றார். எனக்கென்ன வந்தது என்று அரிசி புடைக்க உட்கார்ந்துவிட்டேன். ஆனாலும் கோபம் நிலைக்கவில்லை. டிவி இல்லாத இந்த ஒரு வாரமாக அந்த வீட்டிலிருந்து தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான் கேட்டது. பாவமாகத்தான் இருந்தது.

அப்போதுதான் பக்கிரி தெருவில் வந்தார். சிவகாமு அண்ணியின் தம்பி, அடுத்த தெரு. கல்யாணம் கட்டாதவர், அக்கா ஒருத்திதான் அவருக்கு எல்லாம். அக்கா இறந்த அன்று, உடல்மேல் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வாங்கக் கடலூர் போயிருந்தார். மழை வருகிறதென்று காத்தவராயன் காத்திருக்காமல் உடலை எடுக்கச் சொல்லிவிட்டார். சேலையோடு சுடுகாட்டுக்கு ஓடியவர் நெருப்பைத்தான் பார்த்தார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பக்கிரி நின்று மாடியைப் பார்த்தார். என் வாய் சும்மா இருக்குமா? "இன்னா வேடிக்க பாக்குறீங்க? உள்ள போயி நின்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவீங்க?"

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

"வரல" என்றார், யாரிடமோ சொல்வது போல. மேலே சத்தம் நின்றது. பிறகு மறுபடி ஸ்பானர் சத்தம். "வரல... வரல... வந்துடுச்சு!"

'மாமா' என்ற ஒரு சொல் மட்டும் வரவில்லை. காத்தவராயன் அரக்கப்பரக்க இறங்கி வருவதற்குள் பக்கிரி தெருமுனை தாண்டிவிட்டார். அன்று டிவி அலறியது. பாதிக்கு மேல் இந்திச் சேனல். புரியாத பாஷையில் யாரோ அழுவதைப் பார்த்தபடி அவர் தனியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை படம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மனிதர் ஸ்பானரோடு மாடி ஏறினார். டிவியில் படம் போயே போய்விட்டது.

"ஏண்ணே, நல்லா இருந்தத திருப்புறீங்க?"

"காத்துல தானா திரும்பிடுச்சும்மா" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். காற்றாம்! முருங்கை இலை ஒன்று அசையவில்லை. அவர் கண் தெருமுனையிலேயே இருந்தது. பக்கிரி பால் வாங்கப் போகிற நேரம் அது.

பக்கிரி வந்தார். நான் வாயே திறக்கவில்லை. மாடியிலிருந்து தொண்டையைச் செருமிக்கொண்டு குரல் வந்தது. "மச்சான்... சிக்னல் போச்சு."

பக்கிரி தலை நிமிரவில்லை. பிறகு பால் சொம்பை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

சற்று நேரத்தில் செய்தி வாசிக்கும் பெண் டிவியில் பளிச்சென்று வந்துவிட்டாள். என் வாசலுக்கே தெரிகிறது. பக்கிரி அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வந்துச்சா மச்சான்?"

"இன்னும் வரல மாமா" என்றார் பக்கிரி. "மெதுவாத் திருப்பு. நான் இங்கதான் நிக்கிறேன்."